எங்கள் வீட்டில் குண்டு இருக்கிறது

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது பரணில் ஏறுகிற வேலை வருஷாவருஷம் எனக்குத்தான் வரும். அங்கே கிடக்கிற தட்டுமுட்டுச் சாமான்களில் முக்கால்வாசி, ‘என்னைக்காவது உதவும்’ என்று நான் ஏற்றி வைத்தவை. ஏற்றியவனே இறக்கட்டும் என்பது என் வீட்டுக்காரியின் சட்டம். இந்தத் தடவை அவள் என்னை ஏற்றியது மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த இடியாப்ப உரலைத் தேடி. நான் இறங்கும்போது கையில் இருந்தது ஒரு பால்பவுடர் டப்பா.

துருவேறிய மூடியை ஸ்பூனால் நெம்பித் திறந்தேன். 1971-ல் நான் சம்பாதித்த சொத்து முழுவதும் அப்படியே இருந்தது. கோலிக்குண்டு. எண்ணினேன்: 214. சங்கரன்கோவில் தறிக்கூடம் ஒன்றில் 34 வருஷம் கணக்கு எழுதியவன் நான். எதைக் கண்டாலும் முதலில் எண்ணிவிடுவேன். அது என்னவென்று பிறகுதான் பார்ப்பேன்.

“உரல் எங்க?” என்றாள்.

“இதப் பாரு, எங்க தெருப் பயலுக மொத்தப் பேருகிட்டயும் ஜெயிச்சது.”

அவள் பார்த்தாள். டப்பாவுக்குள் கைவிட்டு எதையோ எடுத்தாள், உருட்டிப் பார்த்தாள், அடுப்படிக்குப் போனாள். நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

அன்று ராத்திரி மகளும் மருமகனும் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினார்கள். டப்பாவைக் காட்டினேன். மருமகன், “மாமா, அமெரிக்காவுல பழைய கோலிக்கு பயங்கர மவுசு. சில குண்டெல்லாம் ஆயிரக்கணக்குல டாலருக்குப் போகுது” என்றார். நல்ல பையன், கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளையின் காதில் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் ‘டாலர்’ என்ற சொல்லைப் போடக்கூடாது. 214-ஐ ஆயிரத்தால் பெருக்கினேன். ரூபாய்க்கு மாற்ற 85-ஆல் பெருக்கினேன். ஒரு கோடியே 81 லட்சத்து 90 ஆயிரம் வந்தது. 90 ஆயிரத்தை வீட்டுக்காரிக்கு ஒதுக்கினேன். விடியும்வரை மீதியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்தபோது நான் கோலி வைத்திருக்கும் கிழவனாக இல்லை. சேகரிப்பாளனாக இருந்தேன்.

சேகரிப்பாளனுக்கு முதலில் படிப்பு வேண்டும். ஒரு வாரம் படித்தேன். கண்ணாடிக் குண்டுக்குத் தாய்வீடு ஜெர்மனியில் துரிங்கியா மாநிலத்து லௌஷா என்ற மலையூர். 1846 வாக்கில் அங்கே ஒரு கண்ணாடிக்காரர் குண்டு வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் செய்தார். ஒரு பக்க நுனியில் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். பல நிறக் கண்ணாடியைச் சேர்த்து உருக்கி, முறுக்கிக் கம்பியாக இழுப்பார்கள். அது இளகி இருக்கும்போதே அந்தக் கத்தரியால் உருட்டி உருட்டி வெட்டுவார்கள். நம் ஊர்த் திருவிழாவில் மூங்கில் கழியில் சுற்றிய ஜவ்வுமிட்டாயைக் கிள்ளித் தருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட இரண்டு முனையிலும் சொரசொரப்பாக ஒரு தழும்பு நிற்கும். அதற்குப் பெயர் பான்டில். நம் தொப்புள் மாதிரி, பிறந்ததற்கு அத்தாட்சி. தழும்பு இருந்தால் கைவேலை. கைவேலை என்றால் காசு.

அங்குலத்துக்கு எத்தனை இழை என்று துணியில் எண்ணுவதற்காகத் தறிக்கூடத்தில் நான் வைத்திருந்த பூதக்கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. (அதுவும் ‘என்னைக்காவது உதவும்’ ரகம்தான்.) திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாகத் தொப்புள் தேடினேன். பதினேழாவது குண்டில் இருந்தது! இரண்டு முனையிலும், எதிரும் புதிருமாக, சொரசொரப்பாக. கை நடுங்கியது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

வாங்கிப் பார்த்தாள். “இது அம்மியில தேச்ச மாதிரில்லா இருக்கு?”

அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. கோலி உருண்டு ஓடாமல் சொன்ன இடத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தேய்த்துவிட வேண்டும் என்று நாலாம் வகுப்பில் ஒரு விஞ்ஞானி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். எங்கம்மா அம்மியில் நான்தான் தேய்த்தேன். அதற்கு வாங்கிய அடியின் தழும்பு என்னிடமும் ஒன்று உண்டு. அது கைவேலைதான், காசு பெயராது.

மிச்சக் குண்டுகளுக்குத் தொப்புள் இல்லை என்றால் அவை இயந்திரத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்க்காரர் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். காடியுள்ள உருளைகளுக்கு நடுவே உருகிய கண்ணாடிச் சொட்டு விழும்; உருண்டுகொண்டே போய்க் குளிர்ந்து குண்டாக வெளியே வரும். பிறகு அதே ஊரில் ஆக்ரோ அகேட் என்று ஒரு கம்பெனி கிளம்பியது. பேரைச் சொன்னாலே இங்கிலீஷில் ‘ஒரு காக்கை’ என்று கேட்பதால், ‘ஏ’ என்ற எழுத்துக்குள் புகுந்து பறக்கும் காக்கைதான் அவர்கள் முத்திரை. அலகிலும் காலிலும் கோலிக்குண்டு. 1914-ல் மேற்கு வர்ஜீனியாவுக்கு இடம் மாறி, 1951-ல் கடையைக் கட்டினார்கள். அவர்கள் செய்த, வெள்ளையில் கலர்ப்பட்டை திருகாணி மாதிரி சுற்றி இறங்குகிற குண்டுக்கு இன்றைக்கும் ஆள் இருக்கிறது.

அப்படியானால் என் டப்பாவில் இருப்பவை? தெளிந்த கண்ணாடிக்குள் நீலமோ பச்சையோ மஞ்சளோ மூன்று நான்கு இதழாக விரிந்திருக்கும் ரகம். எங்கள் தெருவில் அதைப் பூக்குண்டு என்போம். உலகம் அதைப் பூனைக்கண் என்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஜப்பான்காரர்கள் அமெரிக்கச் சந்தையில் மலை மலையாகக் கொண்டுவந்து கொட்டிய சரக்கு. அதைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனிகளே ஆடிப்போய், பிறகு அவர்களும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். எங்கே பார்த்தாலும் கிடைப்பதால் சேகரிப்பாளர்கள் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். என் 214-ல் பத்துக்கு ஒன்பது பூக்குண்டு. ஒரு கோடியே 81 லட்சத்தை அந்தக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதற்குள் வீட்டில் என் பேர் கெட ஆரம்பித்திருந்தது. வாசலில் நின்று வீட்டுக்காரி மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “விடிஞ்சா அடைஞ்சா குண்டுதான். கட்டில் மேல குண்டு, மேசைக்கு அடியில குண்டு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து குண்டு ஆராய்ச்சி.” கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி அதைக் கேட்டுவிட்டு, சிலிண்டரைத் தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனான். மகள் என்ன சொன்னாளோ தெரியாது. வீட்டுக்காரி, “ஆமா, அம்மன் சந்நிதிச் சக்கரத்துல கொண்டுபோய் உட்கார வச்சாத்தான் சரிப்படும்” என்றாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. சித்தம் கலங்கியவர்களை அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வார்கள். குழியைப் பார்த்தாலே அதில் கோலியை எப்படித் தள்ளுவது என்று யோசிக்கிறவனுக்கு அது பலிக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பெருமைக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கோலியைச் சின்னப் பயல் விவகாரம் என்று எவரும் ஒதுக்க முடியாத ஊர் எங்கள் ஊர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902-ல் பிறந்தது இங்கேதான், அன்றைய சங்கரநயினார்கோவிலில். வேர்ச்சொல் தேடிய அந்தப் பேரறிஞர், ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். கோலிக்கும் அதில் இடம் உண்டு. இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அவரு எழுதி வச்சாரு. நீங்க ஜெயிச்சுப் பரண்ல வச்சீங்க” என்றாள். இங்கிலாந்தில் டின்ஸ்லி கிரீன் என்ற ஊரில் 1932 முதல் பெரிய வெள்ளிதோறும் ஒரு மதுக்கடை வாசலில் கோலிக்கு உலகப் போட்டியே நடக்கிறது, வட்டத்துக்குள் 49 குண்டு வைத்து வளர்ந்த ஆட்கள் அடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். ‘மதுக்கடை வாசல்’ என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பூக்குண்டு போகட்டும், மீதி பத்தில் ஒரு பங்கு இருக்கிறதே. யுரேனியம் கலந்த கண்ணாடி என்று பழங்காலத்தில் ஒன்று உண்டு. புறஊதா வெளிச்சம் பட்டால் பச்சையாக ஜொலிக்கும். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று வரவழைத்தேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் குண்டுகள் மேல் அடித்தேன். ஒன்றும் ஜொலிக்கவில்லை. என் வேட்டி ஜொலித்தது. சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற சரக்கு அப்படி மினுக்குமாம். இருட்டில் இடுப்புக்குக் கீழே மட்டும் நீலவெள்ளையாக ஓர் உருவம் நடப்பதைப் பார்த்து, தண்ணீர் குடிக்க எழுந்துவந்த வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் நள்ளிரவுவரை அடங்கவில்லை.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை. டப்பாவிலிருந்து சிந்திய குண்டு ஏதாவது பரணிலேயே கிடக்குமோ? இருட்டியதும் ஏணி போட்டு ஏறினேன். ஒரு கையில் டார்ச், மறு கையில், பிரிய மனமில்லாமல், டப்பா. மூலையில் பழைய ஹரிக்கேன் விளக்குக்குப் பின்னால் ஒரு பச்சை ஜொலிப்பு தெரிந்தது.

யுரேனியம்!

எட்டினேன். யுரேனியம் கொடுக்கைத் தூக்கியது.

தேளின் மேல்தோல் புறஊதா வெளிச்சத்தில் பச்சையும் நீலமுமாக மின்னும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். படிப்பை நான் எப்போதுமே காரியம் முடிந்த பிறகுதான் செய்வேன். அந்த நேரத்தில் நான் ஏணியில் இல்லை, டப்பா கையில் இல்லை. கூடத்தில் குண்டு மழை. கொட்டுப்படாமல் தப்பினேன், அடி பட்டது இடுப்பில்தான். வீட்டுக்காரி திருநீற்றுத் தட்டிலிருந்து புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் பூசினாள். பாம்பும் தேளும் வீட்டுக்கு வந்தால் சங்கரன்கோவிலில் வழக்கம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளித் தகட்டில் தேள் உரு வாங்கி உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்டாள். வெள்ளி விற்கிற விலையில் அன்றைய தேதிக்கு என் கோலி வியாபாரத்தின் வரவு செலவு இது: செலவில் பூதக்கண்ணாடிக்குப் பிடி, ஊதா டார்ச், இடுப்புத் தைலம், வெள்ளித் தேள், வரவில் ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய இடி, பொறுக்கி எண்ணியபோது விழுந்தது. 213.

கணக்கில் ஒன்று உதைத்தால் என்னால் சோறு தின்ன முடியாது. கட்டிலை நகர்த்தினேன், பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றைவிட்டுத் துழாவினேன். இடியாப்ப உரல் கிடைத்தது. குண்டு கிடைக்கவில்லை. நாள் போகப் போகக் காணாமல் போன குண்டின் மதிப்பு ஏறிக்கொண்டே வந்தது. டப்பாவில் இருக்கிற 213-ல் பத்துக்கு ஒன்பது பூனைக்கண் என்றால், ஆயிரம் டாலர்க் குண்டு எதுவென்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதற்கிடையில் சோடாக் குண்டில் ஒரு நப்பாசை வைத்திருந்தேன். டப்பாவில் ஏழு இருந்தன. லேசான பச்சை, கனம், உள்ளே பூ கிடையாது. அவை வந்தது, லண்டன்காரர் ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை எடுத்த கோலி சோடா பாட்டிலிலிருந்து. தலைகீழாக வைத்து அடைப்பார்கள். நிமிர்த்தினால் கேஸ் குண்டைத் தூக்கிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியே வேண்டாம். கட்டைவிரலால் அமுக்கினால் ‘டப்’. குடிக்கும்போது குண்டு திரும்ப வந்து அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம். இதே கோலி சோடாவை 2025-ல் மத்திய அரசின் ஏற்றுமதி ஆணையமான அபெடாவின் ஆதரவோடு, ‘கோலி பாப் சோடா’ என்ற புதுப்பெயரில் வளைகுடாக் கடைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2014-ல் சினிமாவுக்குப் பேராகவும் ஆயிற்று. சின்ன வயதில் எங்களுக்கு அதன் மேலிருந்த மரியாதை வேறு விதம். பாட்டிலை உடைத்தால்தான் குண்டு வரும். தேரடிப் பக்கம் நான் உடைத்த பாட்டில்களுக்கு அப்பா தண்டம் கட்டியிருக்கிறார்.

இங்கிலாந்திலும் பிள்ளைகள் இதே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பழைய பாட்டில்கள் முழுசாகக் கிடைப்பது அருமை. கிடைத்தால் ஆசையாக வாங்குகிறார்கள். குண்டை எவரும் சீண்டுவதில்லை. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப, விலை போறத உடைச்சுட்டு, விலை போகாதத டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்க” என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

34 வருஷம் கணக்கு எழுதிய எனக்கு இவ்வளவு சுருக்கமாக ஒரு ஐந்தொகை போட வந்ததில்லை.

தை மாசக் கடைசியில் வடக்கு ரதவீதிக்காரன் வந்தான். என்னோடு ஐந்தாம் வகுப்புவரை படித்தவன், நல்ல குறிகாரன். ‘பேந்தா’ ஆட்டத்தில் அவன் அடிக்கிற குண்டு பத்தடி தள்ளிப் போய் விழும். தோற்றவன் முட்டி போட வேண்டும். கை முஷ்டியைத் தரையில் வைத்துக் குண்டைக் குழிவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். என் வலதுகை முட்டித் தோல் அந்தக் காலத்தில் முழுசாக இருந்த நாளே கிடையாது. அப்படியானால் இந்த 214 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவன் பார்க்காதபோது வந்தது.

டப்பாவைக் கவிழ்த்துப் பரப்பினேன். சேகரிப்பாளன் தோரணையில் விளக்கினேன். “மொதல்ல தரம் பிரிப்பாங்க மாப்ள. ஒரு கீறல்கூட இல்லாதது ‘மின்ட்’. அதுக்குத்தான் விலை.”

“மின்ட்டுன்னா புதினால்லா?” என்றாள் உள்ளேயிருந்து.

பூதக்கண்ணாடியில் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாவற்றிலும் காயம். குண்டும் குண்டும் மோதினால் தோலுக்கடியில் பிறைநிலா மாதிரி ஒரு விரிசல் விழும். சேகரிப்பாளர்கள்கூட அதை நிலா என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றில் ஏழெட்டு நிலா. “லேய், கீறல் இல்லாத குண்டுன்னா அத ஒருத்தனும் விளையாடலன்னுல்லா அர்த்தம்?” என்றான். “அத எதுக்குல வாங்குதான்?” என்னிடம் பதில் இல்லை. டாலர் கொடுக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி. “இது நான் அடிச்சது,” என்று ஒரு நிலாவைக் காட்டினான். “இதும் நான்தான். இதும்.” பாதி டப்பா அவன் கையெழுத்தாக இருந்தது.

பிறகு திடீரென்று நிமிர்ந்தான். “கொழும்புக் குண்டு எங்கல?”

“எது?”

“நடிக்காத. எங்க தாத்தா கொழும்புல கடை வச்சிருந்தப்ப கொண்டாந்தது. பால் மாதிரி வெள்ளை. அதுல செகப்புப் பட்டை ஒண்ணு திருகாணி மாதிரி சுத்தி எறங்கும். குழியில கெடந்தத நீ காலால தள்ளிட்டுப் போனேல்லா, ஆறு நாள் நான் சாப்பிடல.”

எனக்குக் குப்பென்று வியர்த்தது. வெள்ளை, திருகாணி, சிவப்பு. ஆக்ரோ காக்கையின் அலகிலிருந்து நழுவிக் கொழும்பு வந்து, கப்பலேறி, சங்கரன்கோவில் தெருக்குழியில் விழுந்ததா? பரப்பிக் கிடந்த 213-ஐயும் இருவரும் நாலுகாலில் தேடினோம். அது இல்லை. இருநூற்றுப் பதினான்காவது அதுதான்.

“வெள்ளையில செகப்பா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “அதா? அன்னைக்கே எடுத்து இட்லிக் கொப்பரையில போட்டுட்டேன். துட்டுப் போட்டா கறுத்துப்போகுது. தண்ணி இருக்கிறவரைக்கும் உருண்டு சத்தம் குடுக்கும்லா? நின்னா தண்ணி வத்திருச்சுன்னு தெரிஞ்சுக்கிடலாம்.”

எழுந்து ஓடினோம். அறுபத்தாறு வயதில் இடுப்பில் தைலத்தோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. கொப்பரை அடுப்பில் இருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது, உள்ளே கடகடவென்று சத்தம்.

“திறக்கக்கூடாது” என்று குறுக்கே நின்றாள். “பாதி வேக்காட்டுல திறந்தா கல்லு மாதிரி ஆயிரும். மாவு உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்தியிருக்கேன்.”

ஆளுக்கொரு பக்கம் அடுப்பின் முன்னால் நின்றோம். ஆயிரம் டாலர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இட்லி வேகும்வரை.

தட்டுகளை எடுத்தாள். கரண்டியால் துழாவினாள். வெந்நீரிலிருந்து வெளியே வந்தது, சரிபாதியாகப் பிளந்த ஒரு குண்டு. தண்ணீர் வற்றும்போதெல்லாம் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எந்தக் கண்ணாடிதான் தாங்கும்? சிவப்புப் பட்டை இரண்டு பாதியிலும் பளிச்சென்று ஓடியது. வேறு கீறல் ஒன்றுகூட இல்லை.

“நாலு நாளா ரெண்டு சத்தமாக் கேட்டுச்சு” என்றாள். “இன்னும் நல்லாத்தான் கேக்குன்னு விட்டுட்டேன்.”

அவன் ஒரு பாதியை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டான். “மதினி, சட்னி தேங்காயா, தக்காளியா?” என்று கேட்டுப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எட்டு இட்லி.

ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து எழுதினேன். இருப்பு: 213½.